தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பாலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லை, பேங்க் கணக்கில் மூன்று ரூபாய் இடிக்கிறது என்றால் நடுராத்திரியில்கூடக் கூப்பிடலாம், வருவேன். செல், திசு, தவளை மாதிரி சமாச்சாரங்களுக்கு மட்டும் என்னைக் கூப்பிடக் கூடாது. பத்தாம் வகுப்போடு அதற்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, காமர்ஸ் குரூப்பில் போய் ஒளிந்துகொண்டவன் நான். காரணம் ரொம்பச் சாதாரணம். எனக்குப் படம் வரைய வராது. நான் வரைந்த விலங்கு செல்லைப் பார்த்துவிட்டு வாத்தியார் கேட்டார்: "ஏண்டா, ஆம்லெட் போட்டிருக்கியே, வெங்காயம் எங்கே?"

அப்பேர்ப்பட்ட ஆளை காலாண்டு லீவில் முகையூரில் மூன்று நாள் செல்லோடு கட்டிப் போட்டுவிட்டார்கள்.

முகையூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: விழுப்புரத்தில் இறங்கி, திருக்கோவிலூர் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கரும்பு, நெல், மல்லாட்டை. (வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். வறுத்தால் எந்தப் பெயரிலும் ருசிதான்.) ஒரு காலத்தில் சட்டசபைத் தொகுதிக்கே பெயர் கொடுத்த ஊர். 2008 மறுசீரமைப்பில் அந்தப் பெயர் அடிபட்டுப் போயிற்று. என் மாமாவுக்கு அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ளே, எலெக்‌ஷன்ல எங்க ஊரைக் காணோம்டா" என்பார்.

நான் போன அன்று அக்கா மகளும் வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. லீவுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்: விலங்கு செல் படம் வரைந்து பாகங்களைக் குறி. அவள் என்னை மாதிரி இல்லை, அழகாக வரைகிறாள். உட்கருவுக்கு ஊதா, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆரஞ்சு. திடீரென்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சின்ன மாமா, ரைபோசோம் எத்தனை புள்ளி வைக்கணும்?"

"புக்குல எத்தனை இருக்கு?"

"பதினேழு."

"பதினெட்டா வெச்சுடு. ஒண்ணு போனஸ்."

பதில் சொன்னேனே தவிர, மனசுக்குள் உறுத்தியது. நான் பதினைந்து வருஷம் படித்தேன். 'உயிரினங்களின் அடிப்படை அலகு செல்' என்று நூறு தடவை எழுதியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு செல்லைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மைக்ராஸ்கோப் என்று ஒன்று இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கும்பிட்டு, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு வருஷம் பக்தி முற்றிப்போன ஒருவன் லென்ஸிலேயே விபூதியைப் பூசிவிட்டான். அதற்கப்புறம் பீரோவைத் திறந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மைக்ராஸ்கோப் விஷயத்தை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர் எங்கள் காமர்ஸ் குரூப் ஆசாமி! ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஜவுளி வியாபாரம் பார்த்த லீவன்ஹூக். அந்தக் கால ஜவுளிக்காரர்கள் துணியில் இழை நெருக்கத்தைப் பார்க்க லென்ஸ் வைத்திருப்பார்கள். இவர் அதோடு நிற்காமல் கடுகளவு லென்ஸ்களைத் தானே தேய்த்துச் செய்து, குளத்துத் தண்ணீர், மிளகு ஊறிய தண்ணீர், கடைசியில் தன் பல் அழுக்கு என்று கண்டதையெல்லாம் வைத்துப் பார்த்தார். உள்ளே என்னென்னவோ நெளிந்தன. 1676ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். அங்கே யாரும் சட்டென்று நம்பவில்லை. மறு வருஷம் ராபர்ட் ஹூக் பார்த்துவிட்டு "ஆமாம், இருக்கிறது" என்று சொன்ன பிறகுதான் நம்பினார்கள். தக்கைச் சீவலில் குட்டி குட்டி அறைகளைப் பார்த்து 1665ல் 'செல்' என்று பெயர் வைத்தவரும் இதே ஹூக்தான்.

சரி, ஜவுளிக்காரரை அங்கேயே விட்டுவிட்டு முகையூருக்கு வருவோம். அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து மச்சான் இறங்கினான்.

மச்சான் என்பது மாமாவின் பையன். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. மேன்ஷன் வாசம். ஒரு ரூமில் நான்கு பேர், ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது. ஆறு மாதம் முன்னால் இருமல் என்றான். சிகரெட்டால் என்று நினைத்தோம். சிகரெட்டை விட்டான், இருமல் விடவில்லை. சாயங்காலம் ஆனால் ஜுரம். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்தான். டி.பி.

(இதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "பேர் போடாதே, போட்டோ போடாதே, மத்தபடி நாலு பேருக்கு உதவும்னா எழுது மச்சான்" என்றான். போட்டோ போடும்படியாக அவன் முகம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொல்தான்.)

அன்று வந்தவன் ஆளே மாறியிருந்தான். 49 கிலோவாக இருந்தவன் 54. வந்ததும் வராததுமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தான். இரண்டு மாத மாத்திரை முடிந்ததும் சளியை மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள்.

"நெகடிவ்!" என்றான், லாட்டரி விழுந்த மாதிரி. "பூச்சி ஒண்ணுகூட இல்லியாம். அவ்ளோதான். இன்னும் நாலு மாசம் மாத்திரையாம். என்னாத்துக்கு? அடுத்த மாசம் பொண்ணு பாக்கப் போறோம். பஜ்ஜி சொஜ்ஜி சாப்ட்டுட்டு, பையிலேர்ந்து மாத்திரை அட்டையை எடுத்து முழுங்கவா?"

அத்தைக்கும் அதுதான் சரி என்று பட்டது. நெகடிவ் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் எதற்கு? இரண்டு மாதமாக அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தவள், அன்று ராத்திரியே அதையெல்லாம் பரணில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தாள். மாமா மட்டும் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒரு சீட்டு அவரிடமும் ஒரு காலத்தில் இருந்தது.

வருஷம் 2003. எனக்குப் பதினாலு வயசு. மாமாவுக்கு அதற்கு முந்தின வருஷம் இதே வியாதி. இரண்டு மாதம் மாத்திரை, சளி நெகடிவ், கரும்பு வெட்டு நேரம், மாத்திரைக்கு டாட்டா. எட்டு மாதம் கழித்து ரத்தமாகக் கக்கினார். திரும்ப வந்தவர்களுக்கு அப்போது வேறு வைத்தியம்: எட்டு மாத மாத்திரை, அதில் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. மொத்தம் 24. பள்ளிக்கூட லீவில் அவரை சைக்கிள் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனது நான்தான்.

அங்கே சளி பார்க்கிற லேப் டெக்னீஷியன் ஒருவர். நான் ஜன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒருநாள் உள்ளே கூப்பிட்டார். "வா, உங்க மாமாவைக் காட்டறேன்."

கண்ணை வைத்தேன். முதலில் தெரிந்தது என் கண்ணிமை முடி. "சிமிட்டாம பாரு" என்றார். அப்புறம் தெரிந்தது. நீலமாக ஒரு வானம். அதில் குங்குமப்பூவைக் கிள்ளிப் போட்ட மாதிரி மெல்லிய சிவப்புக் குச்சிகள். நாலைந்து சேர்ந்தாற்போல் ஓரிடத்தில். தனியாக ஒன்று, லேசாக வளைந்து.

"ஒவ்வொண்ணும் ஒரு செல். அந்த ஒரு செல்தான் அதுக்கு முழு உடம்பு" என்றார்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் செல் அதுதான். என் மாமாவைத் தின்றுகொண்டிருந்த செல்.

அழகாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். அழகாகத்தான் இருந்தது.

அந்தச் சிவப்பு வந்த கதையை அவரே சொன்னார். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு. சாதாரண சாயம் ஒட்டாது. சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கீழே சூடு காட்டினால் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் மற்ற எல்லாம் வெளுத்துப்போகும், இது மட்டும் சிவப்பை விடாது. பிறகு பின்னணிக்கு நீலம். நம்ம வீட்டில் முதல் துவையலில் சாயம் போகிற துணியும், எத்தனை தோய்த்தாலும் போகாத துணியும் இருக்கிறதே, அந்தக் கணக்குதான். ராபர்ட் காக் 1882 மார்ச் 24ல் பெர்லினில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது சாயம் ஏற்றிப் பார்த்துத்தான். இப்போது காக் முறை இல்லை, அதில் மற்றவர்கள் திருத்திய முறை.

எத்தனை இடம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். (கணக்குப் புத்தி அப்போதே வந்துவிட்டது போலிருக்கிறது.) ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் ஒரு தடவைக்குத் தெரிவது ஊசி முனை அளவு இடம்கூட இல்லை. அதற்கு ஒரு 'ஃபீல்ட்' என்று பேர். நகர்த்தி நகர்த்தி நூறு ஃபீல்ட் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் நெகடிவ் என்று எழுதுவார்களாம்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகி, திண்ணையில் மச்சானின் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த நூறு ஞாபகம் வந்தது.

"மச்சான், இது ஆடிட் மாதிரிடா" என்றேன்.

அவனும் பி.காம்தான். குடும்பமே டெபிட் கிரெடிட். "எப்படி?"

"பத்தாயிரம் வவுச்சர் இருக்கு. ஆடிட்டர் பத்தாயிரத்தையும் பார்ப்பாரா? நூறு எடுத்துப் பார்ப்பார். டெஸ்ட் செக். நூறுல திருட்டு இல்லைன்னா கையெழுத்துப் போடுவார். கம்பெனியில திருடனே இல்லைன்னு அர்த்தமா? எத்தனை கம்பெனி பார்த்திருக்கோம்!"

இது நான் சும்மா அடித்துவிட்ட உதாரணம் இல்லை. ஒரு மில்லி சளியில் கிருமி சுமார் ஐந்தாயிரம், பத்தாயிரமாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் நிச்சயமாகக் கண்ணில் படும். ஆயிரம் இருந்தால்? சீட்டில் 'நெகடிவ்' என்றுதான் வரும். ஆகவே அந்தச் சீட்டுக்கு அர்த்தம் 'பூச்சி இல்லை' என்பது இல்லை. 'பூச்சி பெருமளவு குறைந்துவிட்டது, மருந்து கேட்கிறது, மேலே போ' என்பது. மேலே போகச் சொல்லி வந்த சீட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தப் பார்த்தான் எங்கள் மச்சான்.

"சரி, கொஞ்சம் மிச்சம் இருக்குன்னே வெச்சுக்குவோம். தின்னு தேறிட்டேன்ல? மிச்சத்தை உடம்பு பாத்துக்காதா?"

இங்கேதான் அந்தச் சிவப்புக் குச்சியின் குணத்தைச் சொல்ல வேண்டும். நம் குடலில் இருக்கிற ஈ.கோலை பாக்டீரியா, வசதி இருந்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். இது அப்படி அவசரப்படாது. ஒன்று இரண்டாவதற்கு முக்கால் நாள் ஆகும். சிலது எதுவுமே செய்யாமல் தூங்கும். மருந்துகள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கிற செல்லைத்தான் அடிக்கும். தூங்குகிறவன் எழுந்து வந்து கையெழுத்துப் போடும்வரை மருந்து வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் மீதி நாலு மாதம். பாதியில் எழுந்து போனால், மிச்சமிருப்பவை மறுபடி பெருகும். அதில் மருந்துக்குப் பழகிப்போன பயல்களும் இருந்துவிட்டால், அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

அக்கா மகள் படத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "மருந்து செல்லுக்குள்ள போய் எதை அடிக்கும், சின்ன மாமா?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் ஓரளவு தெரியும். மாமாவின் 24 ஊசிக்குப் பிறகு, கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன்.

செல்லை ஓர் ஆபீஸ் என்று வையுங்கள். டி.என்.ஏ. என்பது மூல ஃபைல். மூல ஃபைலை யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள், காப்பிதான் எடுத்துத் தருவார்கள். காப்பி எடுக்க ஒரு கிளார்க். அந்தக் காப்பியைப் படித்துப் படித்து, அதில் சொல்லியபடி அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துப் புரதம் செய்கிற தொழிலாளிதான் ரைபோசோம். புரதம் இல்லாமல் செல்லில் ஒரு காரியமும் நடக்காது. பாக்டீரியாவின் ரைபோசோம் ஒன்று ஒரு விநாடிக்குப் பதினைந்து, இருபது அமினோ அமிலம் கோத்துவிடும். நம் உடம்பின் ஒரு செல்லில் ரைபோசோம் லட்சக்கணக்கில். பதினெட்டுப் புள்ளி வைக்கச் சொன்ன என்னை மன்னித்துவிடுங்கள்.

மச்சான் விழுங்குகிற ரிஃபாம்பிசின், காப்பி எடுக்கிற கிளார்க்கின் கையைப் பிடித்துக்கொள்ளும். ஐசோநியாசிட், மெழுகுச் சுவர் கட்ட விடாது. மாமாவுக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் நேராக ரைபோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு, தப்பாகப் படிக்க வைக்கும். டைப்பிஸ்ட்டுக்கு வேறொருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்ட மாதிரி. அவரும் விடாமல் தட்டிக்கொண்டேதான் இருப்பார். வருவதெல்லாம் குப்பை. செல் செத்துப்போகும்.

அந்த ஸ்ட்ரெப்டோமைசினை 1943ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது ஆல்பர்ட் ஷாட்ஸ் என்கிற ஆராய்ச்சி மாணவர். 1952 நோபல் பரிசு போனது அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும். ஷாட்ஸ் அதற்கு முன்பே, 1950ல், கோர்ட்டுக்குப் போய் உரிமையில் பங்கு வாங்கினார். பரிசில் வாங்க முடியவில்லை. ராத்திரி பகலாக ரிப்போர்ட் தயார் செய்து மேனேஜர் கையெழுத்தில் அனுப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மருந்து வேலை செய்தது தெரியும், ரைபோசோமில் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறது என்பது ரொம்ப நாள் தெரியாது. காரணம், மைக்ராஸ்கோப் பத்தாது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே ஓர் அலைதானே. அலையின் நீளத்துக்குப் பாதிக்கும் கீழே போனால் எப்பேர்ப்பட்ட லென்ஸுக்கும் எல்லாம் மங்கல். பெரிய கண் வலையை வீசி நெத்திலி பிடிக்கிற கதை. அந்த எல்லை மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாவின் ரைபோசோம் அதிலும் பத்தில் ஒரு பங்கு! 1950களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்து ஜார்ஜ் பலாடே பார்த்தபோது அது வெறும் புள்ளியாகத் தெரிந்தது. புத்தகத்தில் நாம் வைக்கிற புள்ளி அங்கிருந்து வந்ததுதான்.

புள்ளிக்குள் போய்ப் பார்த்த மூன்று பேரில் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்காரர். சிரிக்காதீர்கள். வெங்கி ராமகிருஷ்ணன் 1952ல் பிறந்தது சிதம்பரத்தில். அப்போது சிதம்பரம், விழுப்புரம், முகையூர் எல்லாம் ஒரே தென்னாற்காடு மாவட்டம். மாமாவைக் காப்பாற்றிய மருந்துக்குப் பரிசு கொடுத்த அதே வருஷம், அந்த மருந்து போய் உட்காரும் நாற்காலியைக் காட்டப் போகிறவர் எங்கள் மாவட்டத்தில் பிறந்திருக்கிறார் என்றால் எனக்கு ஒரு பெருமை இருக்காதா?

ரொம்பவும் பெருமைப்பட முடியாது. மூன்று வயசிலேயே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. 2009ல் நோபல் கிடைத்ததும், நான்தான் அவருக்குப் பாடம் எடுத்தேன் என்றெல்லாம் இங்கே கிளம்பிவிட, "நான் மூன்று வயதிலேயே கிளம்பிவிட்டேன்" என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. இளைஞர்களுக்கு அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மனிதர் படித்தது பிஸிக்ஸ். 1976ல் அதில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, இது எனக்குச் சரிப்படவில்லை என்று மறுபடி மாணவனாக பயாலஜி வகுப்பில் போய் உட்கார்ந்தார். பிறகு வாத்தியார் வேலைக்குச் சுமார் ஐம்பது யுனிவர்சிட்டிகளுக்கு அப்ளிகேஷன் போட்டார். ஒன்றிலும் எடுக்கவில்லை. ஐம்பது! நம்மில் ஐந்தாவது அப்ளிகேஷனிலேயே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

2000ல் கேம்பிரிட்ஜில் அவருடைய குழு அந்தப் புள்ளியின் சிறிய பாதியை அணு அணுவாக வரைந்து காட்டியது. மைக்ராஸ்கோப் இல்லை. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமைக் கற்கண்டு மாதிரி படிகமாக வளர்த்து, அதில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, அது சிதறும் தினுசிலிருந்து உருவத்தைக் கணக்குப் போட்டார்கள். கூடவே, ஸ்ட்ரெப்டோமைசின் அதில் எந்த மூலையில் உட்காருகிறது என்பதையும். பின்னால் 2015 முதல் 2020 வரை ராயல் சொசைட்டியின் தலைவராகவும் இருந்தார். நம்ம ஜவுளிக்காரர் கடிதம் எழுதினாரே, அதே சொசைட்டி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் புத்தகத்தைப் புரட்டினாள். "நம்ம செல்லுலயும்தான் ரைபோசோம் இருக்கு. ஊசி நம்மளதை அடிக்காதா?"

இதற்கு மாமாதான் பதில் சொன்னார். வாயால் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கொல்லைப்பக்கம் போக எழுந்தவர் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "டார்ச்சைக் குடுங்கடா."

மாமாவால் இருட்டில் நடக்க முடியாது. பகலில் ஒன்றும் தெரியாது, கண் பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் போனால் தரை சாய்கிறது என்பார். அந்த 24 ஊசிக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் சிலருக்கு உட்காதில் இருக்கும் பாலன்ஸ் செல்களைக் கெடுத்துவிடும். அந்த ஊசி இல்லாவிட்டால் 2003லேயே ஆள் இல்லை. அதனால் ஊசியைத் திட்டவும் மனசு வராது.

நம் ரைபோசோமின் அமைப்பு வேறு, பெரும்பாலும் மருந்து அதில் சரியாக ஒட்டாது. அதனால்தான் கிருமி செத்து நாம் பிழைக்கிறோம். ஆனால் நம் செல்லுக்குள் ஓர் இடத்தில் பாக்டீரியா ஜாடையில் ரைபோசோம் இருக்கிறது. அக்கா மகள் ஆரஞ்சு அடித்தாளே, மைட்டோகாண்ட்ரியா. கோடிக்கணக்கான வருஷம் முன்னால் அதுவும் தனியாகத் திரிந்த பாக்டீரியாதான். ஏதோ ஒரு செல் அதை விழுங்கி, ஜீரணிக்காமல் விட்டு, குடிவைத்துக்கொண்டது. வாடகைக்குப் பதில் சக்தி தயாரித்துத் தருகிறது. 1967ல் லின் மார்குலிஸ் இதை எழுதியபோது, அதற்கு முன் பதினைந்து பத்திரிகைகள் திருப்பி அனுப்பியிருந்தன. (எழுதுகிறவர்கள் கவனிக்க.) குடிவந்தது தன் டி.என்.ஏ.வையும் ரைபோசோமையும் இன்னும் கைவிடவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகள் அதைப் பழைய பாக்டீரியா என்று நினைத்துத் தாக்கிவிடுவதையும், காது கெடுவதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். தாய் வழியாக வரும் ஒரு சின்ன மாற்றம் அந்த ரைபோசோமில் இருப்பவர்களுக்கு, இந்த வகை மருந்துகளில் சிலவற்றால் காதே கேட்காமல் போவதும் உண்டு.

மச்சான் எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் போனார்கள். போகும்போது மாமா சொன்னது காதில் விழுந்தது. "அந்தச் சீட்டை நானும் இப்படித்தான்டா ஊர் பூரா காட்டினேன்."

இப்போது அந்த ஊசி இல்லை, மாத்திரைதான் என்று அத்தைக்குச் சொன்னேன். தனித் தட்டு விஷயத்தையும் சொன்னேன். இது தட்டில் பரவுகிற வியாதி இல்லை. இருமும்போது காற்றில் பரவுவது. ஒழுங்காக மருந்து சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்களில் அதுவும் பெருமளவு குறைந்துவிடும். உலகத்துக்கே இதைக் காட்டியது நம்ம மெட்ராஸ்தான். முன்பெல்லாம் டி.பி. வந்தால் சானடோரியத்தில் ஒரு வருஷம் படுக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினம் கடக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1956ல் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்து, நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடு. பாதிப்பேர் தங்கள் நெரிசலான வீட்டில், கிடைத்த சாப்பாட்டோடு. மருந்து ஒன்றேதான். 1959ல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு அந்த மெட்ராஸ் வீடுகள் ஒரு முக்கியக் காரணம்.

ஒரே ஒரு சிக்கல். வீட்டில் மாத்திரையை நிஜமாகவே சாப்பிடுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சர்ப்ரைஸ் ஆடிட்! எனக்கு அந்த டாக்டர்கள் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ராத்திரி ரொம்ப நேரம் மச்சான் பேசவில்லை. பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா, பார்க்கப் போவதையே நாலு மாதம் தள்ளிப் போடலாமா என்று அத்தையும் அம்மாவும் அடுக்களையில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அது முடிவாகவில்லை, இன்னும் ஆகவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணி. மச்சான் கொல்லைப்பக்கத்திலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். சாப்பிடாமல் விட்டால் அந்த நிறம் மறைந்துவிடும். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலியான மாமா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"டேய், கலர் வந்துச்சா?"

"நேத்து போட்டதுக்கு வந்துச்சுப்பா."

"இன்னிக்கு?"

"இதோ" என்று அட்டையைப் பிரித்தான். அக்கா மகள் ஓடிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.